18 டிகிரித் தண்ணீர்

ஏப்ரல் வெயிலில் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான், புணேயின் சிங்ஹகட் சாலையில் அறை எடுத்துப் படிக்கும் நம்மூர்ப் பையன். கூடத் தங்கியிருந்தவன் படிப்பு முடிந்து ஊருக்குப் போகும்போது விட்டுச் சென்ற ஆக்சோலாட்டல் என்ற நீர்வாழ் பிராணி உள்ளே இருந்தது. "அக்கா, இதை டேம்ல விட்டுடலாமா? அங்கதான் தண்ணி நிறைய இருக்கே" என்றான்.

விடக் கூடாது. கடக்வாஸ்லா அணை புணே நகரமே குடிக்கும் தண்ணீர். கோடையில் அதன் மேல்நீர் சூடேறும். அதில் இந்த உயிர் அதிக நாள் தாங்காது. அதற்கு முன்பே மீன்கள் அதன் செவுளைக் கடித்துவிடும். அது சுமந்து வரும் கிருமி இங்குள்ள தவளைகளுக்குத் தொற்றினால் திரும்பப் பெற வழியே இல்லை. வெளி உயிரைக் கொண்டுவந்து விட்டதால் வந்த கேடுதான் ஆக்சோலாட்டலின் சொந்த ஊரிலும் நடந்தது. மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ ஏரிக் கால்வாய்கள்தான் அதன் தாயகம். அங்கே உணவுக்காக விடப்பட்ட கெண்டையும் திலேப்பியாவும் அதன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. கழிவுநீரும் சேர்ந்துகொண்டது. 1998இல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தவை, 2014 கணக்கெடுப்பில் 36 ஆகிவிட்டன. இன்று உலகெங்கும் தொட்டிகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை 1864இல் பாரிசுக்குக் கப்பலேறிய 34 உயிர்களின் வழிவந்தவை.

பையன் கொண்டுவந்ததன் நிலையைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. தலையின் இருபுறமும் மும்மூன்றாக இறகுபோல் விரிந்திருக்க வேண்டிய செவுள்கள் குச்சி குச்சியாகச் சுருங்கி, அவற்றில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளைப் பூஞ்சை. வால்நுனி சுருண்டிருந்தது. ஜன்னலோரத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில், கலர் கல் பரப்பி, கோல்டுஃபிஷ் துணைக்கு விட்டு வளர்த்திருக்கிறார்கள். இவை ஒவ்வொன்றுமே அதற்குத் துன்பம். இமையே இல்லாத கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது. வாயைத் திறந்து உறிஞ்சித் தின்னும் பிராணி என்பதால் கல்லும் சேர்ந்து உள்ளே போய்க் குடலை அடைக்கும். கோல்டுஃபிஷ் செவுளைக் கொத்தும்.

இது மீன் இல்லை. சாலமாண்டர் இனம், தவளைக்கு உறவு. ஆனால் தலைப்பிரட்டைப் பருவத்துச் செவுளோடே வளர்ந்து, அப்படியே இனப்பெருக்கமும் செய்து, ஆயுள் முழுக்கத் தண்ணீரிலேயே இருந்துவிடும். கடிபட்ட செவுளும் இழந்த காலும் மறுபடி முளைக்கும். அதற்குத் தண்ணீர் சுத்தமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும்.

புதிதாகத் தொட்டி வாங்கி, நிரப்பி, அன்றைக்கே பிராணியை உள்ளே விடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அதன் கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அது அளவோடு இருந்தால் தாங்கலாம். இந்த இரண்டு வகையும் ஃபில்டரில் குடியேறிப் பெருக நாலு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அதுவரை காலித் தொட்டியில் சிறிது அம்மோனியா விட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, டெஸ்ட் கிட்டில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரே நாளில் சுழியத்துக்கு இறங்கினால்தான் தொட்டி தயார்.

அவ்வளவு வாரம் எங்கள் விருந்தாளி மூடிபோட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பில் இருந்தது. தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றினோம், குளோரின் நீக்கும் மருந்து கலந்து. இரவு முழுக்க வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும், குளோரமைன் போகாது. நல்லதென்று நினைத்து ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுபவர்கள் உண்டு. அதில் இந்தப் பிராணிக்குத் தேவையான உப்புகள் இருக்காது. பூஞ்சைக்குக் கடையில் கிடைக்கும் மீன் மருந்தை விட வேண்டாம். அதன் தோல் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அயல்நாட்டு விலங்குகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் வைத்தியம்.

தொட்டி மூன்றடி நீளம், உயரம் குறைவு. ஒன்றுக்கு 75 லிட்டருக்குக் குறையக் கூடாது. அடியில் நைசான மணல், இல்லாவிட்டால் வெறும் கண்ணாடி. ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். வேகமான நீரோட்டம் அதை வதைக்கும். ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த்துண்டு.

இனி வெப்பம். இங்கே மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமானது இதுதான். சோச்சிமில்கோ கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். ஏறக்குறைய நம் ஊட்டி உயரம். ஆக்சோலாட்டலுக்கு 16 முதல் 18 டிகிரி சுகம். 24ஐத் தாண்டினால் துன்பம். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், உடலுக்கோ அது கூடுதலாகத் தேவைப்படும். அம்மோனியாவின் விஷமும் ஏறும், பூஞ்சையும் பெருகும். புணேயில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் 38, 40 டிகிரி. நீர்மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் ஆவியாதலால் சில டிகிரி இறங்கும், மண்பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரி. இங்கத்திய கோடைக் காற்று வறண்டது, அதனால் ஃபேன் நன்றாகவே வேலை செய்யும். ஆனாலும் 18க்குக் கொண்டுவராது. ஐஸ் பாட்டில் போடுவது அவசரத்துக்குச் சரி. வெப்பம் ஏறி இறங்கி ஆட்டம் காட்டுவதும் அதற்குக் கெடுதல்தான். சில்லர் வேண்டும். தொட்டியைவிட அதன் விலை அதிகம், கரண்ட் பில்லும் ஏறும். இதைத் தாங்க முடியாதவர்கள் ஆக்சோலாட்டல் வாங்கவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மின்வெட்டு நேரத்துக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வாங்கி வைத்தோம்.

சாப்பாடு மண்புழு. பையன் தன் குடியிருப்பின் உரக்குழியிலிருந்து சிவப்புப் புழு கொண்டுவந்தான். கவ்விய வேகத்தில் துப்பியது. அந்தப் புழு கசப்பான ஒரு திரவத்தைச் சுரக்கும். பூச்சிமருந்து அடிக்காத வயலில் தோண்டிய புழுவை நன்றாகக் கழுவிக் கொடுத்ததும் ஒரே இழுப்பில் உள்ளே போனது. வளர்ந்ததற்கு வாரத்துக்கு இரண்டு மூன்று வேளை போதும்.

காகித வேலையும் உண்டு. ஆக்சோலாட்டல், அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022இல் திருத்தப்பட்ட வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும் 2024இல் வந்த விதிகளும், இத்தகைய உயிரை வைத்திருப்பவர் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிய வேண்டும் என்கின்றன. கை மாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். மீட்டு வளர்ப்பவருக்கும் இது பொருந்தும்.

செவுள்களில் இப்போது சிவப்புத் தும்பு துளிர்த்திருக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும் உயிர் இது. அந்தப் பையனுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம். வேலை எந்த ஊரில் கிடைக்குமோ தெரியாது. அதனால் தொட்டி எங்கள் வீட்டின் வடக்குப் பக்க அறையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமைகளில் வந்து தண்ணீர் மாற்றுவது அவன் பொறுப்பு.