வண்டி ஊரோடு நின்றால்?

ராத்திரியில் பாம்பு கடித்துவிட்டது என்று 108-ஐ அழைத்தால், போனை எடுப்பவர் எங்கோ இருக்கிறார். ‘காலனி’ என்று மட்டும் சொன்னால் அவருக்கு எதுவும் விளங்காது. ஒரு ஒன்றியத்திலேயே எத்தனை காலனிகள்! ஊர்ப் பெயரைச் சொன்னால் வண்டி ஊருக்குள் போய் நிற்கும். நாம் இருப்பதோ ஊருக்கு அப்பால்.

2008-ல் தமிழகத்துக்கு வந்த இந்தச் சேவை பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. மறுப்பதற்கில்லை. ஆனால் தார்ச்சாலை ஊரோடு முடிந்தால் வண்டியும் அங்கேதான் முடியும். காலனிக்குச் சாலை கேட்பது நம் உரிமை. அதைக் கிராமசபையில் தீர்மானமாகவே எழுத வையுங்கள். சாலை வரும்வரை பாம்பு காத்திருக்காது.

மாணவர்களே, ஊராட்சி, ஒன்றியம், காலனிக்குத் திரும்பும் இடத்தின் அடையாளம், ஆட்டோக்காரர் எண் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி வீட்டுக்கு வீடு ஒட்டுங்கள். அழைத்தவுடன் ஒருவர் டார்ச் லைட்டோடு சாலை முனைக்கு ஓடட்டும். கடிவாயைக் கீற வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் தூக்கி வாருங்கள். விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று பகலிலேயே விசாரித்து வையுங்கள்.

காலனிக்குள் வர முடியாது என்று யாராவது சொன்னால், அழைத்த நேரத்தையும் வண்டி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கு அவை வேண்டும்.