கடன் தவறிய இலங்கை: இழப்பு யார் தலையில் விழுந்தது?

2022 மே 18 அன்று, அரிசியும் பால் பவுடரும் மருந்தும் ஏற்றிய கப்பலைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குக் கொடியசைத்து அனுப்பினார் முதல்வர் மு.க.ஸ்டாலின். தவறிப்போன 7.8 கோடி டாலர் வட்டியைக் கட்ட இலங்கைக்கு இருந்த 30 நாள் அவகாசமும் அன்றுதான் முடிந்தது. 1948இல் விடுதலை பெற்றதிலிருந்து அந்நாடு வெளிக்கடனைக் கட்டத் தவறியது அதுவே முதல்முறை.

ரூபாய்க் கடன் என்றால் அரசு நோட்டு அடித்தாவது கொடுத்துவிடும். விலைவாசி ஏறும், அவ்வளவுதான். டாலரை அப்படி அடிக்க முடியாது. தேயிலையும் ஆயத்த ஆடையும் விற்க வேண்டும், சுற்றுலாப் பயணிகள் வர வேண்டும், வெளிநாட்டில் உழைப்பவர்கள் பணம் அனுப்ப வேண்டும். 2007இல் முதல் சர்வதேசக் கடன் பத்திரத்தை 50 கோடி டாலருக்கு விற்ற இலங்கை, பின்னர் பழைய கடனை அடைக்கப் புதுப் பத்திரம் விற்றுக்கொண்டே போனது. நகையை மீட்காமல் மறு அடகு வைப்பது மாதிரிதான் இது. கடைக்காரர் மறுக்கும் நாள்வரை ஓடும். 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்பு. அவ்வாண்டு இறுதியில் மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. அடுத்து கொரோனா. அதன்பின் சர்வதேசச் சந்தையில் கடன் கொடுக்க யாரும் முன்வரவில்லை.

2021இல் நடந்ததை நம்மூரில் நெல் போடுகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அப்போதைய அதிபர் கோத்தபய ராஜபக்சவின் அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியது. யூரியா இல்லை, விளைச்சல் சரிந்தது, அரிசியையும் டாலர் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. அந்த நிலையிலும் 2022 ஜனவரியில் 50 கோடி டாலர் பத்திரக் கடனை முழுதாக அடைத்தார்கள். மே மாதம் கையில் புழங்கக்கூடிய அந்நியச் செலாவணி 5 கோடி டாலருக்கும் குறைவு என்று நிதியமைச்சர் அலி சப்ரி சொன்னார். மருந்துக்கும் சமையல் எரிவாயுவுக்கும் போயிருக்க வேண்டிய பணத்தைக் கடன்காரர்களுக்குக் கொடுத்தது பெருந்தவறு என்றே கருதுகிறேன்.

அடுத்த ஆபத்து வங்கிகளுக்கு வந்தது. மக்கள் போட்ட பணத்தில் கணிசமான பங்கை அவை அரசுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் கொடுத்திருந்தன. 2023 ஜூன் இறுதியில் உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைக்கப் போவதாக அரசு அறிவித்தபோது, பணத்தை எடுக்கக் கூட்டம் முண்டியடிக்காதபடி வங்கிகள் ஐந்து நாள் மூடியிருந்தன. வங்கிகளிடம் இருந்த ரூபாய்ப் பத்திரங்களில் கைவைக்கவில்லை. வங்கி சாய்ந்தால் வைப்புப் பணம் போகும் என்ற காரணம் நியாயமானதே. ஆனால் சுமை தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியின் மேல் விழுந்தது: பழைய பத்திரங்களைப் புதியவற்றுக்கு மாற்றிக்கொள், இல்லையேல் 14க்குப் பதில் 30 விழுக்காடு வரி கட்டு.

அதுவும் மக்கள் பணம்தானே? மலையகத் தோட்டத் தொழிலாளர்கள், ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் எனப் பலர் மாதாமாதம் சேர்த்தது. பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும்தான் முழுதாக எடுக்கலாம். கவுன்டரில் வரிசை கட்டி உடனே கேட்க முடியாத பணம் என்பதாலேயே அரசுக்கு அது எளிதாக அகப்பட்டது.

2024 டிசம்பரில் வெளிநாட்டுப் பத்திரதாரர்கள் அசலில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துப் புதுப் பத்திரங்கள் பெற்றார்கள். எதிர்பார்த்ததைவிடப் பொருளாதாரம் வளர்ந்தால் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். சேமலாப நிதி பெற்ற பத்திரங்களுக்கோ வட்டி 2025 வரை 12 விழுக்காடு, அதன்பின் 9.