மூளைக் கட்டிச் சத்திரசிகிச்சையும் வயதும்

ஹந்தானை மலைச்சாரலில் ஒரு வீடு. அங்கே எழுபது வயது மூதாட்டி ஒருவர், சில மாதங்களாகப் பேச்சுக் குறைந்து, பெயர்களை மறந்து, நடக்கையில் ஒரு பக்கம் சாய்கின்றார் என்று கொள்வோம். “வயது போய்விட்டது, வேறொன்றுமில்லை” என்று வீட்டார் ஆறுதல் கொள்கின்றனர். பின்னர் தலையைப் படம்பிடித்துப் பார்த்த வைத்தியர், மூளையிற் கட்டியுள்ளது என்கின்றார். உடனே எழும் வினா ஒன்றே: “இந்த வயதில் தலையைத் திறக்கலாமா?” இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருட் பலர் அவ்வயதை எட்டியவர், இளைய மாணவரோ அவ்வயதினரான பாட்டன் பாட்டியரை உடையவர். ஆதலின் அவ்வினாவை ஈண்டு ஆராய்தல் பொருத்தமெனக் கருதுகின்றோம்.

முன்னாளில் இவ்வினாவுக்கே இடமிருந்ததில்லை. வேலூரில் 1949இல் ஜேக்கப் சாண்டி அவர்களும், சென்னையில் 1950இல் பி. இராமமூர்த்தி அவர்களும் மூளைச் சத்திரசிகிச்சைக்குத் தனித்துறை கண்டனர். இலங்கையில் 1956இல் கொழும்புப் பொது வைத்தியசாலையில் ஷெல்டன் கப்ரால் அவர்கள் இப்பணியைத் தொடங்கினார். இன்று கண்டித் தேசிய வைத்தியசாலையிலேயே இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. வசதி அருகில் வந்துவிட்டது. துணிவும் தெளிவுமே நமக்கு வேண்டுவன.

வயதினால் நேரும் வேறுபாடு யாது? குழந்தையின் மூளை வளரும் பருவத்தது. ஒரு பகுதி இழந்த தொழிலை மற்றொரு பகுதி ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் அதற்கு மிகுதி. எனினும், பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய 800 மில்லிலீற்றரே; சிறிது இழப்பும் பேரிழப்பாகும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கதிர்ச் சிகிச்சை வளரும் மூளையைப் பாதிக்குமாதலின் இயன்றவரை அதனைத் தவிர்ப்பர்.

முதியோர் நிலை வேறு. வயதேற மூளை சிறிது சுருங்குகின்றது. மண்டையோட்டினுள் இடைவெளி உண்டாகின்றது. அவ்விடைவெளியிற் கட்டி வளர்ந்தால், தலைவலியும் வாந்தியும் விரைவில் தோன்றா. மறதியும் சோர்வுமே முதலில் தோன்ற, அவற்றை மூப்பின் இயல்பென மயங்குகின்றோம். ஆகவே கட்டி பெருத்த பின்னரே பலர் வைத்தியரிடம் செல்கின்றனர். மூளை சுருங்கியதனால் அதன் மேற்பரப்பிலுள்ள நாளங்கள் இழுபட்டு நிற்றலின், சத்திரசிகிச்சையின் பின் இரத்தம் கசியும் அபாயமும் மிகும். நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் என்பன உடனிருப்பின் புண் ஆறத் தாமதமாகும். நிமோனியாவும் கால் நாளங்களில் இரத்தம் உறைதலும் நேரலாம்.

இவற்றால், முதியோருக்குச் சத்திரசிகிச்சை ஆகாது என்று முடிவு செய்தல் தகுமோ? தகாது என்க. கட்டியின் வகையே முதலில் நோக்கத்தக்கது. மூளையைச் சூழ்ந்த உறையில் எழும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோயன்று. அதனை முற்றாக அகற்றினால் முதியோரும் பல்லாண்டு நலமாக வாழக்கூடும். கிளையோபிளாஸ்டோமா என்பதோ கொடியது. 65 வயதும் அதற்கு மேலும் உள்ள 562 பேரைக் கொண்டு நடாத்தி, 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குறுகிய காலக் கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 7.6 மாதமாகவும், அதனோடு டெமோசோலோமைட் என்னும் மருந்தும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 9.3 மாதமாகவும் இருந்தன. அந்நோயில் அறுவையின் நோக்கம் பூரண குணமன்று. எஞ்சிய நாட்களைத் தெளிவோடும் தன்மானத்தோடும் கழிக்கச் செய்தலே.

இரண்டாவது, நோய்க்கு முன்னிருந்த உடல்நிலை. கார்நோவ்ஸ்கி என்பார் பெயரால் வழங்கும் அளவுகோல் 100 முதல் 0 வரை செல்லும். தொழில் செய்ய இயலாவிடினும் தன்னைத் தானே பேணிக்கொள்பவருக்கு 70 புள்ளி. தனியே குளித்து, உண்டு, நடமாடும் எண்பது வயதினர், நோய்களால் நலிந்து படுக்கையிற் கிடக்கும் அறுபது வயதினரிலும் நன்கு தேறக்கூடும். பிறப்புச் சான்றிதழ் ஆண்டுகளைக் கூறுமேயன்றி உடலின் வலிமையைக் கூறாது.

சத்திரசிகிச்சையின் பின் வீட்டாருக்கும் கடமையுண்டு. முதியோர் சிலர் இரவில் மனங்குழம்பிப் பிதற்றுவர், பித்தென்று அஞ்சற்க. பெரும்பாலும் அது தணியும். எனினும் உடனே தாதியருக்கு அறிவித்தல் வேண்டும். மூக்குக்கண்ணாடியையும் செவிக்கருவியையும் அணிவித்தல், பழகிய முகங்கள் அருகிலிருத்தல், வைத்தியர் இசைந்தவுடன் எழுப்பி நடக்கச் செய்தல் ஆகியன பெரிதும் துணைபுரியும். அஸ்பிரின் போன்ற, இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோர் அதனை முன்னரே வைத்தியருக்குக் கூறுதல் வேண்டும், தாமாக நிறுத்தலாகாது.

ஆகவே, “வயது என்ன?” என்று கேட்டு அமையாது, “கட்டி எவ்வகை? உடல் தாங்குமா? அறுவையால் எதனைப் பெறலாம், எதனை இழக்கலாம்?” என்று வைத்தியரைக் கேட்போமாக. நோயாளர் தெளிவோடிருப்பின் அவர் விருப்பத்தையும் கேட்போமாக. அவருடைய தலையைப் பற்றிய முடிவை அவரறியாது நாம் எடுத்தல் முறையன்று.