மூச்சை வெளியே விடுவதும் ஓர் உழைப்பே



கொரோனாவுக்குப் பிறகு நம் பொழிச்சலூரில் பல வீடுகளில் மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவி இருக்கிறது. "நல்லா ஊதுங்க அத்தா" என்று பிள்ளைகள் அதைப் பெரியவர்களிடம் நீட்டுகிறார்கள். அது ஊதுவதற்கான கருவி அல்ல. மூச்சை மெதுவாக உள்ளே இழுத்துப் பந்துகளை எழுப்புவதற்கானது.

சும்மா உட்கார்ந்திருக்கையில் மூச்சை உள்ளே இழுக்கத்தான் உதரவிதானம் உழைக்கிறது. விடும்போது, விரிந்த நுரையீரல் ரப்பரைப் போலத் தானே சுருங்கிக்கொள்கிறது. காற்று வெளியேறும் வழியில் தடை வந்தால் நிலைமை வேறு. வயிற்றுத் தசைகளும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் அழுத்தித் தள்ள வேண்டும். பலூன் ஊதும்போது வயிற்றில் கை வைத்துப் பாருங்கள், இறுகுவது தெரியும். மாடிப்படி ஏறிய கால்களைப் போல இந்தத் தசைகளும் களைத்துப்போகும். ஆரோக்கியமானவர்களைத் தடையுள்ள குழாய் வழியே தொடர்ந்து மூச்சுவிட வைத்துச் சோதித்தபோது, வெளியே தள்ளும் தசைகளோடு உள்ளே இழுக்கும் தசைகளும் பலம் குறைந்திருந்தன.

பழகியவர்கள் தாங்குவார்கள். 1998-ல் சங்கீத கலாநிதி விருது பெற்ற நம் சமுதாயத்து ஷேக் சின்ன மௌலானா, நாதஸ்வரத்தின் குறுகிய சீவாளி வழியே மணிக்கணக்கில் ஊதியவர். (இசை கூடுமா கூடாதா என்பது இங்கே பேச்சல்ல.) அது இளவயதிலிருந்து பழகிய உடம்பு. பீடியாலோ விறகடுப்புப் புகையாலோ நுரையீரல் கெட்டுப்போனவருக்கு அந்த ரப்பர் தன்மையே தளர்ந்துவிடுகிறது, மூச்சுக்குழாயும் சுருங்கிவிடுகிறது. அவருக்கு ஒவ்வொரு மூச்சும் பலூன் ஊதுவது போலத்தான். அழுத்தி ஊதினால் சிறு குழாய்கள் இன்னும் அமுங்கி, காற்று உள்ளேயே தங்கிவிடும்.

அவர்களுக்கு உதவுவது வேறு முறை. மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும்வரை வயிற்றை இறுக்காமல் விட வேண்டும். இந்த இலேசான தடை குழாய்கள் மூடிக்கொள்ளாமல் காக்கிறது. மூச்சு வாங்குபவர்கள் உட்கார்ந்து தொழலாம். மார்க்கம் தந்த சலுகையை ஏற்கக் கூச்சம் எதற்கு?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். இரைப்பு கடுமையாக இருந்தவர் திடீரென்று அமைதியாகி, சத்தம் குறைந்து, கண் சொருகினால், "அல்ஹம்துலில்லாஹ், தூங்கிட்டாங்க" என்று விளக்கை அணைத்துவிடாதீர்கள். தசைகள் களைத்து, காற்றே போய்வராத நிலையாக அது இருக்கலாம். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, மூச்சை இழுக்கையில் வயிறு உள்வாங்குதல், உதடு நீலம் பூத்தல் ஆகியவையும் அதே எச்சரிக்கைதான். விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

நாள்பட்ட இரைப்புக்கு, 1928-ல் டாக்டர் சவுரி முத்து சானடோரியமாகத் தொடங்கிய தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. துணைக்கு ஆளில்லாத பெரியவர்கள் ஜும்ஆவுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் சொன்னால், அழைத்துப்போக ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.