வாயிலில் கறந்த பால்

நமது அங்கத்தினர்களில் மூத்தோர் பலருக்கு, விடியற்காலையில் வாயிலில் பால் வாங்கிய நினைவு இன்னும் மங்காதிருக்கும். நாம் சிறுவராயிருந்த 1950-களில் பால்காரர் பாலைக் கொண்டுவரவில்லை. பசுவையே ஓட்டி வந்தார். கன்றை இழந்த பசுவாயின், தோலில் வைக்கோல் திணித்த பொய்க் கன்றைத் தோளில் சுமந்து வருவார். அதை நக்கிய பின்னரே பசு பாலைச் சுரக்கும். விவரம் அறியா வயதில் அந்தக் கன்றுக்கு நாம் புல் நீட்டியதும் உண்டு.

கறக்குமுன் செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வார் அன்னையார். அடியில் தண்ணீர் இருத்தலாகாது அன்றோ! பின்னர் நுரை அடங்கும்வரை பொறுத்திருந்து ஆழாக்கால் அளந்து வாங்குவார். அன்றாடக் கணக்கு சுவரில் கரிக்கோடாக ஏறும். மாத முடிவில் கோடுகளை எண்ணிப் பணம் கொடுப்பார். கண்ணெதிரே கறந்ததால் ஐயத்திற்கு இடமில்லை.

நாளடைவில் வாடிக்கை பெருகியது. வீடுதோறும் பசுவை ஓட்ட இயலாமல், பால்காரர் கறந்த பாலைப் பாத்திரத்தில் கொண்டுவரலானார். ஒரு மழைக்காலத்தில் பால் நீர்த்திருப்பதாக வீட்டில் பேச்சு எழுந்தது. அவர் பசுவின் மீது ஆணையிட்டு மறுத்தார். எவரும் நம்பவில்லை, வாடிக்கை நின்றது. மழைக்காலத்து இளம்புல்லை மிகுதியாக மேயும் பசுவின் பாலில் கொழுப்புக் குறைவதுண்டு என்பதைப் பிற்காலத்திலேதான் அறிந்தோம். அவர் தண்ணீர் கலந்தாரா, இல்லையா? சோதித்தறியும் கருவி அன்று அவரிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை.

அக்கருவிகள் எவை? முதலாவது பால்மானி. பால் தண்ணீரைவிடச் சற்று அடர்த்தி மிக்கது. தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும். பால்மானி கூடுதலாக அமிழும். ஆயினும் இதனை ஏமாற்றலாம். ஏடெடுத்த பாலின் அடர்த்தி உயர்வதால், அதில் அளவாகத் தண்ணீர் சேர்த்தால் பால்மானி பழைய குறியிலேயே நிற்கும். இக்குறையைக் கொழுப்புச் சோதனை தீர்த்தது. ஸ்விட்சர்லாந்தின் கெர்பர் என்பார் பெயரால் வழங்கும் முறையில், கந்தக அமிலம் பாலின் புரதத்தைக் கரைத்துவிடும். குழாயை வேகமாகச் சுழற்றினால் கொழுப்பு தனியே பிரிந்து மேலே நிற்கும். அதன் அளவைக் குழாயின் கோடுகளிலேயே படிக்கலாம்.

இச்சோதனையைக் கிராமத்து எளியவருக்கும் பயன்படச் செய்தது கூட்டுறவே. குஜராத்தில் கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் 1946-ல் பதிவாயிற்று. தமிழ்நாட்டுப் பால் கூட்டுறவு இணையம் 1981-ல் அமைந்தது. ஆவின் என்ற பெயரை அறியாத வீடு இங்கு அரிது. இத்தகைய சங்கங்களில் பாலை அளந்து, தரம் பார்த்து, அதற்கேற்ப விலை குறிப்பர். ஒரே பசு வைத்திருப்பவருக்கும் பத்து எருமை வைத்திருப்பவருக்கும் அளவுகோல் ஒன்றே.

சோதனை என்றால் விற்பவர் மீது அவநம்பிக்கை என்று சிலர் கருதுகின்றனர். அது தவறு. கலப்படம் செய்தவரைக் காட்டிக்கொடுக்கும் அதே கருவிதான், செய்யாதவரைப் பழியினின்றும் காக்கிறது. நெசவாளர் நூலின் நம்பரையும், விவசாயி தராசின் முள்ளையும் முன்னிலையில் பார்க்கக் கேட்பது இதனாலேயே. நமது சங்கத்தில் எடையும் அளவும் அங்கத்தினர் கண்முன் நிகழட்டும். கணக்கு அவர் கையில் இருக்கட்டும். அன்று வாடிக்கை இழந்து திரும்பிய அந்தப் பால்காரருக்குக் கிட்டாத நியாயம் நம்மில் ஒருவருக்கும் கிட்டாமற் போகலாகாது.