கல்லிவர் தங்கிய கோட்டை

ஜொனாதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட ‘கல்லிவரின் பயணங்கள்’ நாவலின் மூன்றாம் பயணத்தில், கல்லிவர் 1707 ஏப்ரல் 11 அன்று சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்கு வருகிறார். கப்பலாட்கள் பலருக்கு நோய். மூன்று வாரம் தங்கல். கோட்டையைப் பற்றி வேறு வர்ணனை இல்லை. அப்போது அங்கே உண்மையில் ஆளுநராக இருந்தவர் 410 காரட் வைரத்தால் பேர்போன தாமஸ் பிட். ஸ்விஃப்ட் அவரைத் தொடாமல் விட்டது நமக்குத்தான் நஷ்டம்.

அடுத்து வருவது லபூட்டா என்னும் பறக்கும் தீவு. கீழே ஓர் ஊர் கப்பம் கட்ட மறுத்தால், அரசர் தீவை அதன் தலைக்கு மேல் நிறுத்தி வெயிலையும் மழையையும் மறித்துவிடுவார். டப்ளினை மனத்தில் வைத்து எழுதிய, ஒரு நகரம் எதிர்த்து வென்ற பகுதி 1899 வரை அச்சேறவில்லை.

தொலைவிலிருந்து ஆள்வது கதையில் மட்டுமல்ல: திப்பு சுல்தானிடமிருந்து 1792இல் பெற்ற சேலம் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி, கல்லிவர் தங்கிய அதே கோட்டையிலிருந்துதான் ஆண்டது.