பால் காசு, மரக் காசு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பசிபிக் கடலோரம் இருக்கிறது டில்லமூக் கவுண்டி, அதாவது மாவட்டம். ஆற்றோரம் மேய்ச்சல் நிலம், அதற்கு மேலே டக்ளஸ் ஃபிர் மரக்காடு. சுற்றுலாவை விட்டுவிட்டால், அந்த ஊரின் பிழைப்பு பாலும் மரமும்தான்.

மழைக்குப் பஞ்சமில்லை, புல் தானாக வளரும். ஆனால் ஒருபக்கம் கடல், மறுபக்கம் மலை என்றிருந்த ஊரில் கறந்த பாலை யாரிடம் விற்பது? 1894-இல் பீட்டர் மெக்கின்டாஷ் என்ற கனடாக்காரர் செடார் சீஸ் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். உறைந்த பாலைத் துண்டு போட்டு, தண்ணீரை வடித்து, கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திருப்பித் திருப்பிப் போட்டு, உப்பிட்டு அழுத்தினால் சீஸ். மாதக்கணக்கில் கெடாது. 1909-இல் உருவான கூட்டுறவுச் சங்கம் இன்றும் பால் பண்ணைக்காரர்களின் சொத்து. லாபத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

மரத்தின் கதை வேறு. 1933 ஆகஸ்டில், மரம் வெட்டும் இடத்தில் பற்றிய தீ சுமார் 2,40,000 ஏக்கரைத் தின்றது. 1939, 1945, 1951 என்று ஆறாண்டுக்கொருமுறை மறுபடியும் எரிந்தது. கருகிய நிலத்துக்கு வரி கட்ட மனமில்லாமல் பலர் கைவிட்டார்கள். வரி பாக்கிக்காகக் கவுண்டி கைப்பற்றிய அந்த நிலம் மாநிலத்தின் கைக்குப் போனது. மாநிலம் காட்டை மீட்டு வளர்க்கும். மரம் விற்ற பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உள்ளூருக்கு. இதுதான் ஏற்பாடு. 1949 முதல் நடவு நடந்தது. சுமார் 7 கோடியே 20 லட்சம் கன்றுகள். நட்டவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. 1973-இல் அது டில்லமூக் மாநில வனமானது.

அன்று நட்டது இன்று வெட்டும் பருவத்தில் நிற்கிறது. ஆனால் அங்கே புள்ளி ஆந்தை இருக்கிறது, ஓடைகளில் சால்மன் இருக்கிறது. அவற்றின் வாழிடம் காக்கும் நீண்டகாலத் திட்டத்தை மாநில வன வாரியம் 2024-இல் முன்னெடுத்தது. இதனால் வெட்டு குறைந்தால் பள்ளிக்கும் தீயணைப்புக்கும் வரும் பணம் குறையும் என்கிறது உள்ளூர். ஓடை கெட்டால் மீன் போய்விடும் என்கிறார்கள் மறுதரப்பினர். இரண்டிலும் நியாயம் உண்டு.

பாலை என்ன செய்வதென்று பண்ணைக்காரர்களே கூடி முடிவெடுக்கலாம். எந்த மரத்தை எப்போது வெட்டுவது என்பது மாநிலத்தின் முடிவு. ஆனால் அந்தப் பணத்தை நம்பி ஆண்டுதோறும் பட்ஜெட் போடுவது கவுண்டி. ஐம்பது ஆண்டு வளரும் பயிரை அன்றாடச் செலவுக்கு நம்பியதுதான் இந்த ஏற்பாட்டின் பலவீனம்.